துவக்கும் சட்டமும் கமக்காரரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நீதிமன்ற விறாந்தையொன்றில் ஒரு கமக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். வேட்டிக் கரையில் செம்மண் கறை அழியாதிருந்தது. தம் தோட்டத்தின் எல்லையில் காட்டுப் பன்றிக்கென்று அவர் கட்டிவைத்த கட்டுத்துவக்கு பன்றியை வீழ்த்தவில்லை. அந்திக் கருக்கலில் தவறிப்போன மாட்டைத் தேடிவந்த அயலவரை வீழ்த்திற்று. அயலவரின் உயிர் தப்பியது. ஒரு கால் தப்பவில்லை. செய்ததை மறுக்கும் எண்ணம் கமக்காரருக்கு இருக்கவில்லை. "ஓம் ஐயா, நான்தான் கட்டினனான்" என்றார். சற்றுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "முறையா லைசென்ஸ் எடுத்து ஒரு துவக்கு வைச்சிருக்கலாம் எண்டு எனக்கு ஆர் ஐயா சொன்னது?" என்று கேட்டார்.

சட்டத்தை அறியாமை தற்காப்பாகாது என்பது சட்டக் கல்லூரியிலே நாம் கற்ற முதற் பாடம். சட்டத்தை அறிவியாமை ஆட்சியாளரின் பிழையாகாதோ என்ற பாடம் அங்கே கற்பிக்கப்படவில்லை. அந்த விறாந்தையில், ஒரு கமக்காரரின் வாயிலிருந்துதான் அதனை நாம் கற்றோம். வேட்டைக்கும் துவக்குக்கும் உரிய அனுமதிப்பத்திரம் பற்றிய சட்டம் என்ன, அது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரரின் கைக்கு எட்டுகின்றதா, எட்டாவிடில் நாம் செய்யவேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பரிசு கொடுத்த கை

இந்நாட்டில் வேட்டைச் சட்டத்தின் வரலாறு விந்தையானது. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சான்று. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் அந்தக் கடல்நீரேரியின் ஆழமற்ற துறைவழியே குடாநாட்டினுள் கொண்டுவரப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலே யானைச் சந்தை கூடிற்று; இந்திய வணிகர் வந்து விலைபேசி மரக்கலங்களில் ஏற்றிச் சென்றனர். வன்னியர் திறையாகச் செலுத்தியதும் யானையே. அன்று காட்டு விலங்கு அரசின் கருவூலம்.

ஆங்கிலேயர் வந்தபின் அதே யானை அழிக்கப்படவேண்டிய பீடை ஆயிற்று. கொன்ற யானைக்கு அரசாங்கம் பரிசுப்பணம் கொடுத்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுகளும் நிறையாத காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது என்று குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலிற் பதிந்துள்ளார். தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்கு அவ்வாறே கொடுக்கப்பட்டது. தோட்டத்துரைமாரும் படை அதிகாரிகளும் பொழுதுபோக்காகச் சுட்டவை தனிக்கணக்கு. மேஜர் றோஜர்ஸ் என்ற ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பெயரெடுத்தார்.

காடு வெறுமையாகத் தொடங்கியபின் அரசாங்கம் விழித்துக்கொண்டது. யானை, எருமை முதலிய விலங்குகளை வீணே அழிப்பதைத் தடுக்க 1891ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. அதன் முன்னோடிகளிற் பலர் தாமே வேட்டைக்காரர். பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பலமுறை திருத்தப்பட்டும், அடிப்படையில் அச்சட்டமே தொடர்ந்து ஆண்டுவருகின்றது. 1938இல் வில்பத்துவும் யாலையும் தேசியப் பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் தனியே நிறுவப்பட்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடைவலயம் என்றொரு பிரிவு இருந்தது. பூங்காவை அடுத்த அந்நிலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றவர் வேட்டையாடலாம். அது வேட்டையை விளையாட்டாகக் கொண்ட பணக்காரருக்காக வகுக்கப்பட்ட வழி. 1993ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தமும், 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தமும் சட்டத்தை மேலும் இறுக்கின, தண்டனைகள் கடுமையாயின. பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று இந்நாட்டில் இடமில்லை. அதனை நாமும் வரவேற்கின்றோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பரிசு கொடுத்துக் கொல்லச் சொன்ன காலத்திலும், தண்டம் விதித்துக் கொல்லாதே என்ற காலத்திலும், பயிரிடுபவனின் மொழியில் அவனிடம் வந்து பேசவேண்டும் என்று எந்த ஆட்சியும் எண்ணவில்லை. சட்டம் கொழும்பிலே எழுதப்பட்டது. பன்றி மிருசுவிலிலே கிழங்கைத் தோண்டிற்று.

மூன்று கேள்விகள்

"வேட்டை லைசென்ஸ்" என்று எம் மக்கள் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரு பொருளன்று. துவக்கு வைத்திருக்கும் உரிமை ஒரு சட்டத்திலும், விலங்கைச் சுடும் உரிமை வேறொரு சட்டத்திலும் அடங்கியவை. ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றையும் பெற்றுவிட்டதாக எண்ணுவதனாலேயே பலர் குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றனர். ஆதலின் மூன்று கேள்விகளை எம் கமக்காரர் மனத்தில் இருத்திக்கொள்ளல் நன்று: எந்தத் துவக்கு? எந்த விலங்கு? எந்த நிலம்?

முதலாவது, எந்தத் துவக்கு? இதனை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். தற்காப்புக்குரிய துவக்குக்குப் பாதுகாப்பு அமைச்சிடம் விண்ணப்பிக்கவேண்டும். பயிர்க்காவலுக்குரிய துவக்குக்கு மாவட்டச் செயலாளரிடம், அதாவது எம் மூத்தோர் வாயில் இன்றும் வழங்கும் கச்சேரியில், விண்ணப்பிக்கவேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு வகை. தற்காப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீள ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு கேட்டபோது, பயிர்க்காவல் துவக்கு வைத்திருப்போரும் கலங்கினர். வகை வேறுபாட்டை அறிந்திருந்தால் அக்கலக்கத்துக்கு இடமிராது.

அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டொன்றே ஆயுள். டிசெம்பர் 31உடன் அது முடியும். அதற்கு முன்னரே புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கத் தவறியவரின் துவக்கு, புத்தாண்டு விடியும்போது அனுமதியற்ற துவக்காகிவிடும். அனுமதி ஆளுக்குரியது, வீட்டுக்குரியதன்று. தந்தையின் துவக்கு மண்வெட்டியைப்போல மகன் கைக்குத் தானாக மாறுவதில்லை. அயலவருக்கு இரவல் கொடுக்கும் பொருளுமன்று. கட்டுத்துவக்குக்கோ எந்த அலுவலகத்திலும் எவருக்கும் அனுமதி கிடையாது. கட்டியவர் வீட்டில் உறங்க, மிதித்தவர் எவராயினும் அவரைச் சுடும் பொறிக்கு எந்தச் சட்டம் அனுமதி கொடுக்கும்?

இரண்டாவது, எந்த விலங்கு? துவக்குக்கு அனுமதி உண்டு என்பதனால் கண்ணிற் பட்டதையெல்லாம் சுடலாம் என்பதில்லை. பழைய சட்டத்திற் பெயர் சொல்லப்பட்ட விலங்குகளுக்கே காவல் இருந்தது. இன்றைய சட்டத்தின் போக்கு அதற்கு மாறானது: அட்டவணையில் விலக்கப்பட்டவை தவிர ஏனைய பாலூட்டிகளும் ஊர்வனவும் காவலுக்குரியவை. மானும் மரையும் அழுங்கும் கடலாமையும் கடற்பசுவும் காவலுக்குரியவை. எம் கரையோரங்களில் ஆமை இறைச்சி ஒருகாலத்தில் வெளிப்படையாக விற்கப்பட்டது. பாட்டன் உண்டான் என்பது பேரனுக்கு வழக்கிலே தற்காப்பாகாது. காட்டுப் பன்றியோ அக்காவலுக்குட்பட்டதன்று. தன் விளைநிலத்திற் புகுந்த பன்றியைக் கமக்காரர் சுடலாம். ஆயினும் அதன் இறைச்சியைக் கொண்டுசெல்வதும் விற்பதும் வேறு விடயங்கள். அவற்றை வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டறியாமல் ஒருவரும் கூறுபோடத் தொடங்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குரங்கு, மயில் முதலியவை காவற் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன என்று அமைச்சர் கூறியதாக 2023இல் பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு ஏப்பிரிலில் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் திட்டமும் பேசப்பட்டது. சூழலியலாளர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். அனுப்பும் எண்ணமில்லை என்று அரச தரப்பு ஜூன் மாதத்தில் மன்றுக்கு அறிவித்தது. இரண்டே மாதத்தில் ஒரு கொள்கை பிறந்து மறைந்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் எளிது: மேடைப் பேச்சு சட்டமாகாது, வர்த்தமானியே சட்டம். அமைச்சர் சொன்னார் என்று நீதவானிடம் கூறினால், அமைச்சரை மன்று மன்னிக்கும், கமக்காரரை மன்னியாது.

மூன்றாவது, எந்த நிலம்? தன் தோட்டத்திற் குற்றமாகாத செயல், வேலியைத் தாண்டியவுடன் குற்றமாகலாம். தேசியப் பூங்காவினுள் எந்த விலங்கையும் சுடுதல் குற்றம். சரணாலயத்தினுள் தனியார் காணி இருக்கலாம். ஆயினும் விலங்குக்குரிய காவல் அங்கே நீங்குவதில்லை. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாயிருந்து 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. நெடுந்தீவின் ஒரு பகுதியும் அவ்வாண்டே பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் வாழ்வோர் தம் ஊர்ப் பெயரைப்போல் அந்த எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். எல்லைக்கல்லையும் அறிவிப்புப் பலகையையும் மக்கள் படிக்கும் மொழியில் நாட்டுவது அரசின் கடமை.

இன்னுமொரு நுட்பம். பளையும் பச்சிலைப்பள்ளியும் நிலத்தாற் குடாநாட்டைச் சேர்ந்தவை. நிருவாகத்தாற் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானதிலிருந்து அங்குள்ளோரின் கச்சேரி யாழ்ப்பாணமன்று. யாழ்ப்பாணத்திலே குடியிருந்து இரணைமடுவின்கீழ் வயல் செய்வோரும் பலர். குடியிருப்பு ஒரு மாவட்டத்திலும் காணி வேறொன்றிலுமாயின், எந்தச் செயலகத்திற் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுத்துமூலம் கேட்டு எழுத்துமூலம் விடை பெறுதல் வேண்டும். வாய்மொழி விடையை நம்பிப் பஸ்ஸிலே அலைந்தவர் பலரை நாம் அறிவோம்.

கதவு திறந்திருக்கின்றதா?

சட்டம் இவ்வாறிருக்க, எம் கமக்காரர் ஏன் கச்சேரிக்குச் செல்லாமல் கட்டுத்துவக்கையும் மின்கம்பியையும் வாய்வெடியையும் நாடுகின்றனர்? அவர்கள் இயல்பிலே சட்டத்தை மதியாதவர்களா? அல்லர். கதவு திறந்திருப்பதாகக் காகிதம் சொல்கின்றது; படியில் ஏறமுடியவில்லை என்று வாழ்க்கை சொல்கின்றது.

முதற்படி காணி உரித்து. பயிர்க்காவலுக்குத் துவக்குக் கேட்பவர் பயிர் உண்டென்றும் காணி தம்முடையதென்றும் காட்டவேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது உறுதிகளைத் தேடி எடுத்துச் செல்ல எத்தனை பேருக்கு அவகாசம் இருந்தது? உறுதி போனவர் ஒருபுறம். உறுதி வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் பெயரிலிருக்கக் காணியை இங்கே உழுபவர் மறுபுறம். குத்தகைக்குச் செய்பவருக்கோ பயிர் மட்டுமே சொந்தம். பன்றி உறுதியைப் பார்த்து மேய்வதில்லை. அலுவலகமோ உறுதியைப் பார்த்தே பேசுகின்றது.

இரண்டாம் படி பொலிஸ் அறிக்கை. கிராம அலுவலரின் உறுதிக்குப் பின் பொலிஸ் விசாரணை நிகழும். துவக்கு வழங்குமுன் ஆளை விசாரித்தல் எந்த நாட்டிலும் நியாயமே. ஆனால் இம்மண்ணின் மனநிலையை நினைக்கவேண்டும். தற்காலிகம் என்ற பெயரோடு 1979இல் வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. போருக்கு முன் பயிர்க்காவலுக்கென இருந்த துவக்குகளில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை உண்டு. இயக்கங்கள் கொண்டுசென்றவையும் உண்டு. இத்தனையும் கண்ட ஒருவர், தாமாகவே பொலிஸ் நிலையத்தின் படியேறி, "எனக்கொரு துவக்கு வேண்டும்" என்று சொல்வாரா? மகனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று வீட்டிலுள்ள தாய் அஞ்சுவாள். அந்த அச்சம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் ஒரு வினாவாக இல்லை. ஆயினும் எல்லா வினாக்களுக்கும் முன்னே நிற்கின்றது.

மூன்றாம் படி மொழி. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. அதனை எதிர்த்து 1961 பெப்ரவரியில் எம் மக்கள் அறவழியில் அமர்ந்தது எங்கே? யாழ்ப்பாணக் கச்சேரியின் வாசலில். துவக்கு அனுமதி எழுதும் மேசையும் காணி அனுமதி எழுதும் மேசையும் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருந்தன. மொழியுரிமை புலவருக்கு மட்டுமுரியதன்று; படிவம் நிரப்புபவருக்கும் உரியது என்பதை அன்று கமக்காரரும் ஆசிரியரும் அப்புக்காத்துமாரும் ஒன்றாக அமர்ந்து உணர்த்தினர். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக உறுதிசெய்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, தமிழில் எழுதவும் தமிழில் விடை பெறவும் எமக்குள்ள உரிமையைச் சொல்கின்றது. ஏட்டில் உரிமை வந்துவிட்டது. வேற்றுமொழிக் கடிதத்தைப் பெற்று, அதனைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடித் தெருவில் நிற்கும் கமக்காரரை நாம் இன்றும் காண்கின்றோம்.

விலங்கை எண்ணும் வேலை வந்தபோது அரசாங்கத்துக்கு வழி தெரிந்தது. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 8.05 வரை, தம் காணியில் நிற்கும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணி எழுதுமாறு நாடெங்கும் மக்கள் கேட்கப்பட்டனர். அதற்கான படிவம் கிராமங்கள்தோறும் சென்றது. ஐந்து நிமிடக் கணக்கெடுப்புக்குக் கிராமம்வரை ஒரு தாள் வரமுடியுமாயின், எதைச் செய்தால் குற்றம், எதைச் செய்தால் குற்றமில்லை என்று சொல்லும் ஒரு தாள் ஏன் வரமுடியாது?

வீட்டுக்கொரு துவக்கா?

அப்படியாயின் வீட்டுக்கொரு துவக்கு வேண்டும் என்கிறோமா? இல்லை. இதனை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவேண்டும். முப்பதாண்டு வெடியோசையைக் கேட்டு ஓய்ந்த நிலம் இது. துவக்குப் பெறுவது எவருக்கும் பிறப்புரிமையன்று. அது அதிகாரியின் தற்றுணிபுக்குட்பட்டது. ஆனால் தற்றுணிபு என்பது தன்விருப்பமன்று. விண்ணப்பம் சட்டப்படி ஆராயப்படவேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். மறுத்தாற் காரணம் எழுத்தில் வேண்டும். எம் கோரிக்கை இந்த அளவினது.

விலங்குக்கும் எம்மிடம் ஒரு வழக்குண்டு. முகமாலைப் பக்கத்துத் தென்னங்காணிகள் போர்முனையாகிக் கண்ணிவெடி நிலமாகிப் பற்றையாயின. ஆள் புகமுடியாத நிலத்தில் விலங்கு புகுந்தது. தென்மராட்சியிலே கொடிகாமம், வரணி, மிருசுவில் பக்கங்களில் குரங்குக்கூட்டம் குரும்பையைப் பறித்தெறிவதைக் கண்டு மனமுடைந்து நிற்கும் தென்னை வளர்ப்போரை நாம் அறிவோம். அவர்களின் இழப்பு பொய்யன்று. ஆயினும் அக்குரங்கைக் கொண்டுவந்து விட்டது குரங்கன்று. சுட்டுத் தீர்ப்பதால் மட்டும் இது தீராது. காணிகள் துப்புரவாகி ஆள் குடியேறினாலன்றிப் பற்றை குறையாது.

அயலிடங்களைப் பார்ப்போம். கேரளத்திலே, ஊருக்குள் புகுந்து அழிவு செய்யும் காட்டுப் பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் 2022இல் உள்ளூராட்சித் தலைவர்களிடம் கொடுக்கப்பட்டது. அனுமதி பெற்ற துவக்கு உடையோரின் பட்டியலொன்றை ஊராட்சி வைத்திருக்கும். ஆணை வந்தாற் சுடுவர். தமிழ்நாட்டிலோ 2025இல் வேறு வழி வகுக்கப்பட்டது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவர்; அதற்குட்பட்ட தூரத்திற் கமக்காரர் சுடுவதற்கில்லை. ஜேர்மனியில் வேட்டை அனுமதி கேட்பவர் விலங்கியலிலும் சட்டத்திலும் துவக்கைக் கையாள்வதிலும் தேர்வெழுதித் தேறவேண்டும். இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: யார் சுடலாம், எப்போது சுடலாம், யார் ஆணையில் சுடலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கின்றது.

கேரளத்தின் வழி எமக்குப் பொருந்தும் என்பது எம் கருத்து. எமக்கும் பிரதேச சபைகள் உண்டு; 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஆனவை. பன்றி எந்த வயலிற் புகுந்தது என்பது கொழும்பிலுள்ள அமைச்சுக்குத் தெரியாது. வட்டார உறுப்பினருக்குத் தெரியும். வீட்டுக்கொரு துவக்குக்குப் பதிலாக, ஒரு பிரதேசத்துக்குப் பயிற்சி பெற்ற சிலர், பதிவேட்டிலுள்ள சில துவக்குகள், சபையின் எழுத்தாணை, வனசீவராசிகள் அலுவலரின் மேற்பார்வை என்று அமையுமாயின், கமக்காரருக்குக் காவல் கிடைக்கும். தாய்மாரின் அச்சமும் நீங்கும். தன் ஊரின் பன்றியைப் பற்றித் தானே முடிவெடுக்கமுடியாத மக்களுக்கு ஆட்சிப் பகிர்வு பற்றி வாக்குறுதி அளிப்பதிற் பொருளில்லை.

செய்யவேண்டியவை

சட்டம் திருந்தும்வரை கைகட்டியிருத்தல் வேண்டா. கமக்காரர் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுக; பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்க; ஒப்படைத்த நாளைக் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக. பயிரழிவு நேர்ந்த நாளையும் அளவையும் கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் உடனுக்குடன் பதிந்துவைக்க. பின்னர் தேவையைக் காட்டும் சான்று அதுவே. விடை வாராவிடில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பம் எந்த நிலையிலுள்ளது என்று வினவுக. வேற்றுமொழியில் விடை வந்தால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுக. ஒரேவகை நிலையிலுள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால், சமத்துவம் சொல்லும் 12ஆம் உறுப்புரை துணைநிற்கும். ஆனால் உயர்நீதிமன்றம் செல்வதற்குத் தவணை ஒரு மாதமே. நாளைக்குப் பார்ப்போம் என்றிருந்தவரின் வழக்கு நாளோடு போய்விடும்.

எம்மைப்போற் சட்டம் கற்றோருக்கும் கடமை உண்டு. குற்றப்பத்திரம் வந்தபின் கட்டணத்துக்கு வாதாடுவது தொழில். குற்றம் நிகழுமுன் சட்டத்தைச் சொல்லுவது தொண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாசிகசாலைத் திண்ணையில், இரண்டு சட்டத்தரணிகள் அமர்ந்தாற் போதும். துவக்குச் சட்டம், விலங்குச் சட்டம், காணிச் சட்டம் ஆகிய மூன்றையும் ஊர் அறிந்துகொள்ளும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். ஊர்கூடித் தேர் இழுத்த மக்களுக்கு இது பெரிதன்று.

கமக்காரருக்கும் ஒரு சொல். கட்டுத்துவக்கை இன்றே அவிழ்த்துவிடுங்கள். வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள், வாய்வெடி வைக்காதீர்கள். அவை பன்றிக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு அறியா. பயிரைக் காக்கவே வேலி போடுகின்றோம். அயலவனைக் கொல்லும் வேலி பயிரைக் காத்தாலும் ஊரை அழித்துவிடும். சட்டம் எம்மிடம் நீதியாக நடக்கவேண்டும் என்று கேட்கும் நாம், சட்டத்தின் முன் சுத்தமான கையோடு நிற்றல் வேண்டும்.

அன்று நீதிமன்ற விறாந்தையில் நின்ற கமக்காரர் தண்டனையை ஏற்றுக்கொண்டார். காலிழந்த அயலவரின் குடும்பத்துக்குத் தம் காணியில் ஒரு துண்டை விற்று உதவினார். இருவர் வீட்டிலும் அடுப்பு மங்கிற்று. பன்றி மட்டும் மறுநாளும் வந்தது. "எனக்கு ஆர் ஐயா சொன்னது?" என்ற அவர் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. எந்தத் துவக்கு, எந்த விலங்கு, எந்த நிலம் என்று இன்று இவ்வேட்டிற் சொல்லிவிட்டோம். வாசிக்கத் தெரிந்தோர் வாசிக்கத் தெரியாதோருக்கு இதனைச் சொல்லட்டும். அடுத்த போகத்துக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் இது சொல்லப்பட்டிருக்கவேண்டும்.